மருத்துவச் சேமிப்பு, பக்கம் நாற்பத்தொன்று

ஆளுக்கு இருபது ரூபாய்,
வெள்ளிக்கிழமை, கூழ் ஆலை விட்டதும்.
மாம்பழப் பிசினில் ஒட்டிக்கொண்ட தாள்களை
ஈரத்துணியால் துடைத்துத்தான் எண்ணுவேன்.
காவேரிப்பட்டணத்தில் சீசன் பணம்
எல்லாமே கொஞ்சம் இனிக்கும்.

கணக்கு நோட்டில் நான் போட்டது நான்கு கட்டம்:
ஆஸ்பத்திரி. மருந்து. ஸ்கேன். பிரசவம்.
பதினாறு பெண்களுக்கு
வேறென்ன வந்துவிடப் போகிறது
என்று நினைத்திருந்தேன்.

கெம்பம்மா எழுந்து
காதுக்கு மெஷின் கேட்டாள்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துக் கடையில்
ஒருதரம் மாட்டிப் பார்த்துவிட்டாளாம்.
கத்தித்தான் கேட்டாள்.
எப்போதும் கத்துவாள்,
தன் குரலை அளக்க அவளிடம் படி இல்லை.

"காது கேக்காதது சீக்கா?" என்றாள் சென்னம்மாள்.
"சீக்குன்னா படுக்கணும்."
அரசாங்க அட்டையும் அதையேதான் சொல்கிறது.
படுக்கையில் சேர்ந்தால் பணம்,
எழுந்து நடமாடும் குறைக்கு
அதற்கு வாய் கிடையாது.

"முகாம்ல சும்மா தராங்களே?"
போயிருந்தாள்.
பெயர் கூப்பிட்டது கேட்காமல்
மத்தியானம் வரை வரிசையில் நின்றிருந்தாள்.
பிறகு அளந்து பார்த்து
சதவீதம் போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.
இன்னும் கொஞ்சம் செவிடாகி வரவேண்டுமாம்.

"எம் பையனுக்குக் கண்ணாடி வாங்குனமே,
அது எந்தச் சீக்கு?"
ஷாஹீன் கேட்டதும் பக்கத்தைப் புரட்டினேன்.
கண்ணாடி, 'மருந்து' கட்டத்தில் இருந்தது.
என் கையெழுத்துதான்.

அதற்குமேல் யாரும் பேசவில்லை.
எல்லோருக்கும் அந்த ஆனி மாதம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
பெங்களூரா மாங்காய் இறங்கும் களத்தில்
டிராக்டர் பின்வாங்கும்போதெல்லாம்
யாராவது கெம்பம்மாவின் முந்தானையை இழுப்போம்.
இன்னார் இழுப்பது என்று முறை வைத்ததில்லை.
அன்று யாரும் இழுக்கவில்லை.
சக்கரம் காலில் ஏறவில்லை,
செருப்பில் ஏறியது.
தட்டையான அந்த ஒற்றைச் செருப்பை
எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பேன்?

அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றவள் சென்னம்மாள்.
முதல் ரேகை அவளுடையது.
விரலில் மை காயும்வரை
தலை நிமிரவில்லை.

இருப்பு முப்பத்தோராயிரத்து இருநூற்று நாற்பது.
போக மீதி பன்னிரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது.
"மூணு மாசத்துக்கு யாரும் சீக்காகக் கூடாது" என்றேன்.
சிரித்தார்கள்.
நாகவேணி மட்டும் வயிற்றில் கைவைத்து
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

மெஷின் வந்த வாரம்
கெம்பம்மாவுக்குத் தூக்கம் இல்லை.
பல்லி, தகரம், புருஷனின் குறட்டை,
ஹைவேயில் ராத்திரி முழுக்க லாரி.
"இத்தனையும் கேட்டுக்கிட்டா தூங்குறீங்க?" என்றாள்.
இப்போது கூழ் எந்திரத்துக்குப் பக்கத்தில் கழற்றிவிடுகிறாள்,
கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் வைக்கிறாள்.
களத்தில் மாட்டுகிறாள்.
நைட் ஷிப்டுக்குப் பெயர் படிக்கையில்
இரண்டு தரம் அழுத்திப் பார்த்து மாட்டுகிறாள்.

இன்னொன்று.
மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.
என்ன, என்ன என்று
நாங்கள் கேட்கிறோம்.

நேற்று கூட்டம் முடியும்போது
உள்ளங்கையை நீட்டினாள்.
உளுந்தளவு பாட்டரி.
பத்து நாளைக்கு ஒன்று தீருமாம்,
ஆறு கொண்ட அட்டை இருநூற்றைம்பது.
"இதுக்கும் உண்டா?"
என்று மெல்லக் கேட்டாள்.

ஸ்கேல் எடுத்து
ஐந்தாவது கோடு போட்டேன்.
ஓரத்தில் இடம் குறைச்சல்,
கோடு சற்றுச் சாய்ந்துவிட்டது.
தலைப்பு இன்னும் எழுதவில்லை.

சென்னம்மாளுக்கு
முழங்கால் பட்டை வேண்டுமாம்.